சுல்மா துவைத்த பச்சைச் சட்டை

என் மனைவி சுல்மாவுக்கு உட்காரத் தெரியாது. சாப்பிடுவதுகூட நின்றுகொண்டுதான். எங்கள் ஊரான மொந்தெவிதேயோவின் துறைமுகப் பேட்டையில், எஸ்த்ரேயா கால்பந்து அணிக்குப் பத்தொன்பது வருஷமாக உடுப்பு துவைக்கிறாள். ஆட்டத்தை மட்டும் பார்க்கமாட்டாள். தொண்ணூறு நிமிஷமும் மைதானத்துச் சுவருக்கு வெளியே நடந்துகொண்டிருப்பாள்.

அந்த வருஷம் முதல் டிவிஷனில் நாங்கள் நூலில் தொங்கிக்கொண்டிருந்தோம். இங்கே போன வருஷப் புள்ளியையும் சேர்த்துச் சராசரி போட்டுத்தான் கீழ் டிவிஷனுக்குத் தள்ளுவார்கள். பழைய பாவம் லேசில் விடாது. ஆகஸ்டில் கிளப்பின் வாஷிங் மெஷின் மண்டையைப் போட்டது. மற்ற உடுப்பெல்லாம் வெளியே சலவைக்குப் போக, விட்டுப்போன ஒரே ஒரு பச்சைச் சட்டையைச் சுல்மா வீட்டுக்கு எடுத்துவந்து கையால் துவைத்தாள். அது கோல்கீப்பர் எபரின் சட்டை. அந்த ஞாயிறு அவன் ஒரு கோலும் விடவில்லை. வந்தது வினை.

"சுல்மாக்கா, இனிமே என் சட்டையை நீதான் துவைக்கணும். வீட்லதான், கையாலதான். மெஷின் சரியானாலும் அது பக்கமே போகக் கூடாது," என்றான் எபர்.

"முப்பத்தாறு வயசுல உனக்கு ஆயா கேக்குதாடா?"

கிண்டல் செய்தாளே தவிர மறுக்கவில்லை. ராசியோடு விளையாட எங்கள் ஊரில் யாருக்கும் தைரியம் கிடையாது. பயிற்சியாளரே இரண்டு மாதமாக ஒரே காலுறையைத்தான் போட்டுக்கொண்டு வந்தார். பக்கத்தில் நிற்க முடியவில்லை.

மெஷின் சரியாகி மற்ற உடுப்பெல்லாம் அதற்குள் போனபோதும், எபரின் சட்டை மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒன்பது ஆட்டம் தோற்கவில்லை. மழை வாரங்களில் சட்டை காயாமல் கணப்புப் பக்கம் நாற்காலியில் கிடக்கும். சுல்மா கால்மணிக்கொரு தரம் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள்.

"அதுக்கென்ன காய்ச்சலா?" என்று கேட்டு நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

கடைசி ஆட்டத்தில் டிரா செய்தால் போதும், தப்பித்துவிடுவோம். எண்பத்தெட்டாவது நிமிஷம் வரை கோலே இல்லை. அப்போது ஒரு சப்பைப் பந்து, குழந்தைகூடப் பிடிக்கும், எபரின் கைக்குள் வந்து நழுவி உள்ளே போனது. நாங்கள் இரண்டாம் டிவிஷனுக்குப் போனோம்.

பைகளைத் தூக்க நானும் சுல்மாவோடு உடுப்பறைக்குள் போனேன். எபர் தரையில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சட்டை அதே சட்டை. துவைச்ச விதமும் அதே விதம். ஒண்ணும் மாறலையேக்கா. அப்ப கோளாறு என் கைலதான். இனி கையுறையைத் தொடமாட்டேன்."

அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. சுல்மா பையைக் கீழே வைத்தாள்.

"அதே விதம் இல்லடா. வெள்ளிக்கிழமை எனக்கு முதுகு வலி. எல்லாத்தோடயும் சேத்து மெஷின்ல போட்டுட்டேன்."

யாரோ ஒருவன் பூட்ஸைச் சுவரில் எறிந்தான். எபர் துள்ளி எழுந்தான்.

"அடிப்பாவி! ஒரு வாரம்! ஒரே ஒரு வாரம் பொறுத்துக்க முடியலையா உன்னால?"

கத்தக் கத்த அவன் முகத்தில் ரத்தம் திரும்பியது.

மறுநாள் பேட்டை முழுக்கப் பரவிவிட்டது. ரொட்டிக்கடையில், "வாங்க மெஷின் மகாராணி, உங்க முதுகு சௌக்கியமா?" என்றார்கள். கறிக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்," என்றேன் சுல்மாவிடம். "வெள்ளிக்கிழமை விரல் வெடிக்க நீ கையாலதான் துவைச்ச. அலசத் தண்ணி ஊத்தினதே நான். எதுக்குடி அப்படி ஒரு பொய் சொன்ன?"

"வாயைத் தொறந்தே, அப்புறம் இருக்கு உனக்கு. ஜனவரில பயிற்சிக்கு வர்றேன்னு எபர் சொல்லியிருக்கான். அவன்தானே கோல்ல போய் நிக்கணும்? எனக்கு யாரு கோல் அடிக்கப் போறா?"

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. அன்றையிலிருந்து ரொட்டி வாங்க நான்தான் போகிறேன். அவர்கள் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல் வந்துவிடுகிறேன்.