சிவப்பு அடிக்காத போல்ட்

கிரீஸ்காரர் தன் மெஷினுக்கே கிரீஸ் வைப்பதில்லையாம். அதனால்தான் தோப்புக்காரரிடம் பாதி வேலையில் கியர்பாக்ஸ் பிளந்ததாம். பால் வேன் டிரைவர் சொன்னதாக டயர் கடைக்காரர் சொன்னார்.

கேட்ட கிரீஸ்காரருக்குச் சிரிப்புத்தான் வந்தது. டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக் கிளைகளைத் தூளாக்கும் அந்த மெஷின்தான் அவர் பிழைப்பு. முகம் கழுவுவதற்கு முன்பே, அதைச் சுழற்றும் ஷாஃப்டுக்கு கிரீஸ் வைத்துவிடுவார்; பட்டப்பெயரே அப்படி வந்ததுதான். "என் தலைக்கு ஒரு நாளாவது எண்ணெய் வெச்சு விட்டிருக்கீங்களா?" என்பாள் மனைவி.

"உங்க மச்சான்தான் சொன்னாராம்ண்ணே," என்றார் டயர் கடைக்காரர். "தோப்பு வேலை இனிமே அவருக்குத்தானாமே? வாடகை மெஷின் வந்து நிக்குதாம்."

சிரிப்பு நின்றது. கிரீஸ்காரர் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது வண்டியை எடுத்துப்போனவன் அந்த மச்சான்தான், மனைவியின் தம்பி. "தானா நின்னுடுச்சு மாமா" என்று சாவியை நீட்டியவனிடம், "உனக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும்" என்றிருந்தார். எழுந்து நடமாடுவதே இன்றுதான்.

நேரே கொட்டகைக்குப் போய் ஷாஃப்டின் மூடியைக் கழற்றினார். அங்கே வலுக்குறைந்த இரும்பில் ஒரு போல்ட் இருக்க வேண்டும். தடித்த கிளை சிக்கினால் அது முதலில் உடைந்து கியர்பாக்ஸைக் காப்பாற்றும். உடையும்போதெல்லாம் இறங்கி வேறு மாட்ட வேண்டும். அவசரக்காரனுக்கு அது பெரிய இம்சை. மாறிப்போகக் கூடாதென்று அதன் தலையில் சிவப்புப் பெயிண்ட் அடித்துவைப்பார்.

இப்போது அங்கே இருந்தது கறுப்பு எஃகு போல்ட். ஒரு கீறல்கூட இல்லாமல் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருந்தது.

"தெரியாம மாட்டியிருப்பான்," என்றாள் பின்னாலேயே வந்த மனைவி.

"தெரியாமலா? சிவப்பு போல்ட் டப்பா அவன் சீட்டுக்கு அடியிலதான் இருந்துச்சு. சரி, மாட்டினதுகூடப் போகட்டும். பழியைத் தூக்கி என் தலையில போட்டுட்டு, என் வேலையையும் எடுத்துக்கிட்டானே!"

"சின்னப் பையன்ங்க..."

"ரெண்டு பிள்ளைக்கு அப்பன்டி!"

போனை எடுத்து மச்சானை அழைத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார்.

"மெஷின் சத்தத்துல கேட்டிருக்காது. என் போன்ல இருந்து போடட்டுமா?"

"வேண்டாம். அக்கான்னா எடுத்துடுவான். நான் கூப்பிட்டு எடுக்கிறானான்னு பார்க்கணும்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது.