மஞ்சள் பற்றும் மடிப்பு மேசையும்

இஸ்திரி அக்கா என்றால் அந்த லாண்டரியில் எல்லாருக்கும் தெரியும். பதினெட்டு வருடமாக ஏழு கிலோ பெட்டியைப் பிடித்து விடுதிகளின் வெள்ளை விரிப்புகளைத் தேய்த்ததில், வலது தோள் வீணாய்ப் போனதுதான் மிச்சம். கையைத் தூக்கித் தலை வாரக்கூட முடியாது. மூன்று மாதம் பெட்டியைத் தொடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டால் அடுப்பு எரியுமா? அதனால் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மூன்று மாதம் துணி மடிக்கிற மடிப்பு மேசையில் உட்காரவைக்க வேண்டும். அங்கே நாற்காலி உண்டு, பாரம் இல்லை.

மேற்பார்வை பார்ப்பவர் முதலாளியின் மச்சான். ஒரு துணியைக்கூடத் துவைத்து அறியாத மனிதர். ஆறு மாதமாக அவரிடம் கேட்டாள். கேட்ட ஒவ்வொரு தடவையும் மருந்து சொன்னாரே தவிர, மேசையைத் தரவில்லை. இஞ்சியைத் தட்டிக் கொதிக்கவைத்துக் குடி என்றார். அப்புறம் கிராம்பு போட்டு எண்ணெய் காய்ச்சச் சொன்னார். அதற்கப்புறம் மிளகு. கடைசியில் மஞ்சள் பற்று. வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? மஞ்சளை மிக்ஸியில் அரைத்தால் சத்துப் போய்விடும், கல்லில்தான் அரைக்க வேண்டும் என்று கணவன் சோபாவில் சாய்ந்தபடி சொன்னான். யார் அரைப்பது? அதே தோள்தான் அரைக்க வேண்டும். பற்றுப் போட்டால் ஒரு மணி நேரம் இதமாக இருக்கும், அதை அவள் மறுக்கவில்லை. பெட்டியைத் தூக்கினால் வலி மறுபடி வந்துவிடும்.

அன்று மச்சான் பேச்சைக் கேட்டு, மஞ்சளும் சுக்கும் குழைத்த பற்றோடு வேலைக்கு வந்தாள். மதியத்துக்குள் வேர்வையில் பற்று கரைந்து, தேய்த்து முடித்த விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு வழிந்துவிட்டது. சோப்புப் பட்டால் மஞ்சள் சிவந்துவிடும் என்பது அங்கே வேலை செய்கிறவர்கள் அத்தனை பேருக்கும் அத்துப்படி. பதற்றத்தில் அவளே சோப்பை எடுத்துத் தேய்த்துவிட்டாள். கறை செக்கச்செவேலென்று ஆனது.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்தார். பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது.

"ரத்தமா? ஏம்மா, முன்னாடியே சொல்லக் கூடாதா? பெட்டியத் தொடாத, போய் அந்த மேசையில உட்காரு."

ஆறு மாதமாகக் கிடைக்காத நாற்காலி அரை நிமிடத்தில் கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் முன்னாடியே சொல்லக் கூடாதா என்று கேட்டாரே, அதில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரத்தம் இல்ல சார். நீங்க போடச் சொன்ன மஞ்சள்தான், சோப்பு பட்டுச் செவந்திருக்கு. வலிக்குது வலிக்குதுன்னு ஆறு மாசமா சொன்னேன், உங்க காதுல ஏறல. துணியில செவப்பா தெரிஞ்சாதான் நம்புவீங்களா?"

துவைக்கிற பெண்கள் குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். வெறும் மஞ்சள்தான் என்றால் மிச்ச விரிப்புகளையும் தேய்த்துவிடலாமே என்று மச்சான் மெல்ல இழுத்தார்.

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். இடது கையால் பெட்டியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். கனத்தில் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

"தோள் வலிச்சா சொல்லுங்க சார். வீட்டுல இன்னும் மஞ்சள் இருக்கு."

சொல்லிவிட்டு மடிப்பு மேசைக்குப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.