சின்னாற்றுக்கு இரண்டு சைக்கிள்கள்

டிசம்பர் பிறந்து முதல் வாரம் முடிவதற்குள் எஸ்தர் டீச்சரின் கடிதம் வந்துவிடும். இந்த ஆண்டு வரவில்லை. தபால்காரரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டு, பல்லடம் பஸ் நிலையத்தில் நின்றிருந்த ஒரு மாலையில்தான் சேதி கிடைத்தது. மூலனூரிலிருந்து வந்த பஸ்ஸில் இறங்கிய பெண் ஒருத்தி என்னை அடையாளம் கண்டு அருகில் வந்தாள். எங்கள் பள்ளியின் பழைய மாணவி.

"டீச்சர், எஸ்தர் டீச்சர் போயிட்டாங்களாமுங்க. மூணு நாள் காய்ச்சலாமா. திங்கக்கெழமையே அடக்கம் பண்ணிப்போட்டாங்க. உங்களுக்குத் தெரியுமின்னு நெனச்சனுங்க."

எனக்குத் தெரியாது. நான் ஏற வேண்டிய பஸ் வந்து போயிற்று. அடுத்ததும் போயிற்று.

அவரிடம் படித்தவர்களுக்கும் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவர் விளையாட்டு ஆசிரியை. கையில் விசிலும் காலில் கான்வாஸ் ஷூவுமாகத் திருப்பூர்த் தெருக்களில் ஆண்கள் சைக்கிளில் போனவர். கேலி செய்தவர்களைத் திரும்பியும் பார்க்காதவர். நான் அதே பள்ளியில் கணக்கு ஆசிரியை. எங்கள் இருவருக்கும் அப்போது இருபத்தாறு வயது. எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான் என்பது எங்கள் பள்ளியில் படித்த உங்களில் பலருக்குத் தெரியும். நாங்கள் இருவரும் ஓராண்டு முழுவதும் ஒரு பயணத்துக்குத் திட்டம் போட்டோம் என்பது யாருக்கும் தெரியாது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

உடுமலைக்குத் தெற்கே சின்னாற்றுக்குப் போகும் பாதை முழுவதும் முள்காடு. கல்லும் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். யானை நடமாட்டமும் உண்டு. கிறிஸ்துமஸ் முடிந்து, புத்தாண்டு ஆராதனைக்கு முன்னால், அந்த வழியே சைக்கிளில் போய் ஆற்றங்கரையில் காட்டிலாகாவின் ஓட்டுக் கொட்டகையில் ஓர் இரவு தங்கித் திரும்ப வேண்டும் என்று எஸ்தர் ஆசைப்பட்டார். அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லீங்க கமலா. மில்லுச் சங்கும் ஊதாது, பள்ளிக்கூட மணியும் அடிக்காது. அதுக்குத்தான்."

விளையாட்டுச் சாமான் அறையின் தரையில் பழுப்புக் காகிதத்தை விரித்துப் பாதையை வரைந்தோம். அவர் எந்த வரைபடத்தையும் பார்த்து வரையவில்லை. விறகு வண்டிக்காரர்களை வழியில் நிறுத்தி, "ஏனுங்க, அந்தப் பக்கம் மார்கழியில எங்கெங்க தண்ணி நிக்குமுங்க?" என்று கேட்டு வருவார். தண்ணீருக்கு நீலப் பென்சில், நிழலுக்குப் பச்சை. ஓரிடத்தில் மட்டும் சிவப்பில், 'இங்கே இறங்கி நின்று காது கொடுத்துக் கேட்கவும்' என்று எழுதினார். யானை என்ற சொல்லை எழுதவில்லை. நான் பயந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார்.

வேலமுள்ளுக்குத் தப்ப, பழைய டயரைப் பட்டையாக வெட்டி டயருக்குள் வைத்தோம். கண்ணைக் கட்டிக்கொண்டு பஞ்சர் ஒட்டச் சொல்வார். "இருட்டுல முள்ளு குத்தாதுன்னு எழுதிக் குடுத்திருக்கா?" என்பார். காடாத் துணியில் ஆளுக்கு இரண்டு பை தைத்துக் கேரியரின் இருபுறமும் தொங்கவிட்டோம். நான் ஒரு தலையணையைச் சேர்த்தபோது எடுத்து வெளியே வைத்துவிட்டார். "சைக்கிள்ல ஏத்துறது எல்லாத்தையும் நம்ம காலுதான் தூக்குது, பார்த்துக்குங்க."

சேலையோடு அந்தப் பாதையில் முடியாது. என் அப்பா தறிக்குடும்பத்தில் பிறந்து, பிறகு நான்கு பின்னல் மெஷின் போட்டுப் பனியன் துணி ஓட்டிக்கொண்டிருந்தவர். நீல நிறத்தில் தடித்த துணி வேண்டும் என்று கேட்டேன். எதற்கு என்று கேட்காமலே வெட்டிக் கொடுத்தார். இரண்டு பேண்ட் தைத்தோம்.

எஸ்தர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஊட்ல சொல்லிட்டு வாங்க. பொய் சொல்லிட்டு வர்றதா இருந்தா வேண்டாங்க கமலா. வழியெல்லாம் அந்த நெனப்பே கூட வரும்."

ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிடுகிறேன் என்றேன். பழனிக்கு நடந்து போவதைத் தவிர வேறு பயணம் அறியாத வீடு. கல்யாணமாகாத பெண், இன்னொரு பெண்ணோடு, ஆண்துணை இல்லாமல், காட்டில் ஓர் இரவு. இதை எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்றே எனக்குத் தெரியவில்லை. கடைசி நாள் மாலை அவர் கேட்டபோது, சொல்லிவிட்டேன் என்று தலையாட்டினேன். அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது.

விடியுமுன் வருவதாக ஏற்பாடு. என் பைகளையும் அவரே எடுத்துவருவார். "ஒருக்காத்தான் மணி அடிப்பேன். வரலீன்னா போயிடுவேன், கோவிச்சுக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தார். நான் சேலைக்குள் அந்த நீலப் பேண்டைப் போட்டுக்கொண்டு, கதவுக்கு நான்கு அடி தள்ளி நின்றிருந்தேன். முன்னறையில் கதவோரமாக அப்பா படுத்திருந்தார். அவரைத் தாண்டித்தான் தாழ்ப்பாளைத் தொட வேண்டும். தெருவில் மணி ஒலித்தது. நான் அசையவில்லை. சிறிது நேரம் கழித்து, சொன்ன சொல்லை மீறி, இன்னொரு முறை அடித்தார். பிறகு சைக்கிள் நகரும் சத்தம் கேட்டது. தெருமுனை திரும்பும்வரை கேட்டுக்கொண்டே நின்றேன்.

அவர் தனியாகப் போய் வந்தார். பள்ளி திறந்த அன்று முகம் கறுத்து, கையெல்லாம் முள்கீறலோடு இருந்தார். நான் பேச வாயெடுப்பதற்குள் பழுப்புக் காகிதத்தை விரித்தார்.

"ரெண்டு எடத்துல தண்ணியத் தப்பாக் குறிச்சிருக்கறமுங்க. திருத்திட்டேன். அடுத்த தடவைக்குச் சரியா இருக்கும். உங்க பையில வெச்சிருந்த பொரிமாவையும் நானே தின்னுட்டேன்."

கொட்டகையில் தங்கிய இரவைப் பற்றிக் கேட்டேன். "அதை வந்து பாருங்க" என்றார். பிறகு எத்தனை முறை கேட்டும் அதே பதில்தான்.

அடுத்த சித்திரையில் எனக்குத் திருமணம் முடிந்து பல்லடம் வந்துவிட்டேன். ஆண்டுதோறும் கடிதம் வந்தது. நலம் விசாரித்து நாலு வரி. கடைசியில், 'இந்த வருஷம் தோதுப்படுமாங்க?' நானும் ஆண்டுதோறும் பதில் எழுதினேன். ஒரு வருடம் பிள்ளைப்பேறு. ஒரு வருடம் மாமியாருக்கு உடல்நலமில்லை. ஒரு வருடம் காரணம் எதுவும் இல்லாமல், பயமாக இருக்கிறது என்று எழுதினேன். அவர் ஒவ்வோராண்டும் போய் வந்தார் என்று நினைக்கிறேன். போனேன் என்று ஒருபோதும் எழுதியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அப்பா என் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது, காப்பியை ஆற்றிக்கொண்டே தானாகச் சொன்னார்.

"அன்னிக்கு அந்த டீச்சரம்மா மணி அடிச்சப்ப நானும் முழிச்சுட்டுத்தான் படுத்திருந்தேன் கண்ணு."

"உங்களுக்குத் தெரியுமாங்கப்பா?"

"துணி வெட்டிக் குடுத்தப்பவே ஏதோ இருக்குன்னு தெரியும். நீ கதவைத் தொறப்பேன்னுதான் இருந்தேன்."

"கேட்டிருந்தாப் போகச் சொல்லியிருப்பீங்களா?"

"தெரியல கண்ணு. நீ கேக்கவே இல்லியே."

அப்பா சொன்னதையும், நான் அன்று பொய்யாகத் தலையாட்டியதையும் எஸ்தருக்கு எழுதினேன். பொய்யைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை. பதில் இரண்டே வரி: 'அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. மூணு சைக்கிளாப் பார்த்து வைக்கிறேன்.' அப்பாவிடம் படித்துக் காட்டினேன். சிரித்தார். அதற்கடுத்த ஆடியில் அப்பா இறந்துபோனார்.

இப்போது எஸ்தரும் இல்லை. சின்னாற்றங்கரையில் அந்த இரவு எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை. என் மகள் கேட்கிறாள், இப்போது பஸ்ஸிலேயே போகலாமே அம்மா என்று. போகலாம். அவர் இல்லாமல் அந்த ஆற்றைப் பார்த்துவிட்டு நான் என்ன செய்ய?

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு, பைகளில் செங்கல் நிரப்பிக்கொண்டு, நெருப்பெரிச்சல் கிராமத்தைத் தாண்டி வேலமரக் காட்டுக்குள் பழகப் போனோம். இருபுறமும் வேலி கட்டிய வண்டித்தடமான இட்டேறி முடிந்த இடத்தில் ஓடைக்கு இறங்கும் நீண்ட சரிவு. முழுக்கச் சரளைக்கல். பாரம் பின்னாலிருந்து தள்ள, நான் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தபடி மேலேயே நின்றுவிட்டேன். அவர் பாதி இறங்கியபின் திரும்பிப் பார்த்தார். மேலே வந்து என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை. கீழேயிருந்து, வகுப்பில் பேசும் அதே குரலில், "விடுங்க கமலா, அது தானா ஓடும்" என்றார். நான் கையைத் தளர்த்தினேன். காற்றில் தலைப்பு பறந்தது, செங்கற்கள் கடகடத்தன, ஏதோ கத்தினேன், என்னவென்று நினைவில்லை. ஓடை மணலில் சைக்கிள் தானாக நின்றபோது அவரைத் தாண்டி வெகுதூரம் வந்திருந்தேன். எஸ்தர் டீச்சர் பின்னால் சிரித்துக்கொண்டே இறங்கி வந்துகொண்டிருந்தார்.