மீனெண்ணெய் குடித்த எஞ்சின்

சிலிண்டர் ஹெட்டைத் தூக்கியதும் நான் ஓடிப்போய் வேலியோரம் வாந்தி எடுத்தேன். எண்ணூர் பக்கம் வளர்ந்தவனுக்கு நாற்றம் புதிதில்லை. ஆலைப் புகை, கழிமுகச் சேறு, கருவாடு எல்லாம் பழகின மூக்குதான். இது வேறு. அழுகின மீனைப் பெட்ரோலில் வேகவைத்து மூடி வைத்திருந்து திறந்த மாதிரி.

"இன்னா மாமு, மாசமா கீறியா?" என்று சிரித்தான் என் தோஸ்து. பாலிடெக்னிக்கில் கூடப் படித்தவன், மீனவக் குப்பத்துக்காரன். வண்டி அவனுடையது.

அவன் நைனாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருந்தது. இனி படகைத் தள்ளவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தன் படகுக்குத் தோள் கொடுக்காதவன் கடலுக்குப் போவது அந்தக் கரையில் கேவலம். மனுஷன் வாசலில் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு போகிற வருகிறவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். அதற்காகத்தான் இவன் இந்த நாலு சக்கர பைக்கை வாங்கினான். ஏதோ ரிசார்ட்டில் ஆட்களை மணலில் சுற்றிக் காட்டி ஓய்ந்துபோன டூ-ஸ்ட்ரோக் வண்டி. பின்னால் கயிறு கட்டினால் அது படகை இழுக்கும், நைனா மறுபடி கடலுக்குப் போவார். வண்டியின் எஞ்சினில்தான் கம்ப்ரஷன் என்கிற அழுத்தம் இல்லை. செருப்பில்லாத காலால் மிதித்தாலே கிக்கர் தொளதொளவென்று கீழே போனது.

காரணம் இப்போது கண்ணெதிரே இருந்தது. பிஸ்டன் ரிங் இரண்டும் பழுப்புப் பிசினில் ஒட்டிக் கிடந்தன. ரிங் விரிந்து சிலிண்டர் சுவரை அடைத்தால்தானே அழுத்தம் நிற்கும்?

"நைனா, இதுல இன்னாத்த ஊத்துன?" என்று கேட்டான் தோஸ்து.

"பிளக்கு ஓட்டையில கெட்டி எண்ணெய் வுட்டா கிக்கர் நிக்கும்னு ஒர்த்தன் சொன்னான். வுட்டேன், நின்னுது. தளரும்போதெல்லாம் வுட்டேன்."

"எந்த எண்ணெய்?"

"படகுக்குப் பூசுற மீனெண்ணெய்தான். மரமே உளுக்காம கீது, இரும்புக்கு இன்னா கேடு?"

மரத்தில் தோலாகக் காய்ந்து பிடிப்பதுதான் அந்த எண்ணெயின் குணம். எஞ்சின் சூட்டில் அது என்ன பாடுபடுத்தும் என்பதை நாங்கள் தின்னரும் கையுமாகத் தெரிந்துகொண்டோம். உடைந்த ரிங் துண்டால் பிஸ்டன் பள்ளத்தைச் சுரண்டச் சுரண்ட, நகக்கண்ணில் அந்தக் கலீஜ் ஏறியது. சைலன்சரைக் கவிழ்த்தால் சளி மாதிரி ஒழுகியது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நின்றுகொண்டார். வீட்டில் அம்மா என் தட்டைப் பின்கட்டில் வைத்துவிட்டுப் போனாள். சோறு பிசைந்தால் சோறே நாறியது. புதுப்பேட்டையில் அளவு பார்த்து ரிங் வாங்கி, சிலிண்டரைப் பட்டறையில் உரசி வாங்கி, எல்லாவற்றையும் பூட்டி முடித்தபோது எனக்கு வஞ்சிரத்தைப் பார்த்தால்கூட குமட்டியது.

ஆனால் கிக்கர் காலை எதிர்த்து நின்றது. இரண்டாவது உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை நைனா கடலுக்குப் போய்த் திரும்பினார். அலையோரம் கயிறு மாட்டினோம். வண்டி உறுமி இழுக்க, படகு மணலில் ஏறி வந்தது. தள்ள வந்தவர்கள் கையைக் கட்டி நின்று பார்த்தார்கள். நைனா ராஜா மாதிரி பக்கத்தில் நடந்தார்.

சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. மூக்கில் ஏறியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அதே நாற்றம்.

"நைனா..." என்றான் தோஸ்து.

"பெரிய படகாச்சே, பலம் பத்துமோ இன்னாவோன்னு வெடிகாலைல ரெண்டு மூடி வுட்டேன். எப்டி இஸ்துது பாத்தியா!"

நான் வேலிப் பக்கம் ஓடினேன். பின்னால் அவன் குரல் கேட்டது: "வாந்தி எட்த்துட்டு அப்டியே ஸ்பேனர எட்துகினு வா மாமு."