நொச்சி இலையும் ஓர் அரிசி அளவு பசையும்

2024 செப்டம்பர் 12, வியாழக்கிழமை, காலை 10 மணி 40 நிமிடம். மேகம் இல்லை, காற்று இல்லை, கூடத்து வெப்பமானியில் 35 டிகிரி. என் கணினி அன்று மூன்றாவது முறையாகத் தானாக அணைந்தது.

ஆறு நாளாக இதே கதை. போட்ட நேரம், நின்ற நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்து வைத்திருந்தேன். முதல் நாள் 41 நிமிடம் ஓடியது, அன்று 9.

பாசனப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோது, 1996 ஜனவரி முதல் தேதி, எங்கள் மாடியில் மழைமானி வைத்தேன். ஒரு நாள் விடாமல் காலை எட்டரைக்கு அளக்கிறேன். ஊரடங்கில் அத்தனை நோட்டுகளையும் கணினியில் ஏற்றினேன். மறு ஆண்டு பரணில் இருந்த நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. ஆக, 10,482 நாள் மழை இந்த ஒரு பெட்டியில் மட்டுமே இருந்தது.

ஒரத்தநாட்டில் கணினி பழுது பார்க்கும் பெண்மணிக்குப் போன் செய்தேன். 11.25க்கு ஸ்கூட்டரில் வந்தார். நாற்பது வயது இருக்கும்.

"போடுங்க சார், பாப்போம்."

"வேண்டாம்மா. இன்னொரு தடவை போட்டா ஒரேயடியா போயிடும்."

தாளை நீட்டினேன். என் வீட்டில் யாரும் என் குறிப்புகளை முழுதாகப் படித்ததில்லை. அவர் கடைசி வரி வரை படித்தார்.

"காலையில ரொம்ப நேரம் ஓடுது, உச்சி வெயில்ல சீக்கிரம் நிக்குது. சூடுதான் சார். பிராசஸர் தன்னைக் காப்பாத்திக்க நின்னுக்குது. உங்க மழை டிஸ்க்ல இருக்கு, அதுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

"ஆகியிருந்தா?"

"அதைத்தான் முதல்ல எடுக்கப் போறேன்."

டிஸ்க்கைக் கழற்றித் தம் மடிக்கணினியில் இணைத்து, ஒரு பென் டிரைவில் எல்லாவற்றையும் நகல் எடுத்து, என்னையே சரிபார்க்கச் சொன்னார். பதினேழு இடங்களில் பார்த்தேன். சரியாக இருந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை.

பிறகுதான் பெட்டிக்குள் டார்ச் அடித்தார். பிராசஸரின் மேல் அலுமினியத் தகடுகள், அதன் மேல் மின்விசிறி. விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே பச்சையும் பழுப்புமாக மெத்தை போல் ஏதோ அடைத்திருந்தது. ஒரு துளி கிள்ளி முகர்ந்தார்.

"நொச்சி வாசம் வருதே சார்?"

நான் தாளை எடுத்து மடித்தேன். காபியோடு வந்த என் மனைவி சொல்லிவிட்டாள். "நோட்டைக் கரையான் தின்னுச்சுல்ல, நெல்லுக் குதிருக்குப் போடுற மாதிரி அதுக்குள்ளயும் நொச்சிக் கொத்து போட்டாரு. நான் சொன்னா கேக்குறாரா?"

அந்தப் பெண்மணி சிரிப்பை அடக்கினார். "எங்க வீட்டுலயும் குதிருக்கு நொச்சிதாங்க. பூச்சி வந்துச்சா சார்?"

"ஒண்ணுகூட இல்லை."

"அப்ப நொச்சி மேல தப்பில்ல. காஞ்சு நொறுங்கினதை விசிறி இழுத்துக்கிச்சு."

விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, தூரிகையால் தகடுகளைத் துடைத்தார். டிஸ்க்கை மாட்டிக் கணினியைப் போட்டார். 23 நிமிடம் ஓடி, மறுபடி நின்றது. நின்ற நேரத்தைத் தாளில் குறித்தேன். அவர் முகம் மாறவில்லை. தகட்டுப் பகுதியைக் கழற்றினார். அதற்கும் பிராசஸருக்கும் நடுவே இருந்து சூட்டைக் கடத்த வேண்டிய பசை காய்ந்து பொருக்காகிவிட்டிருந்தது.

"ரெண்டையும் ஒண்ணா செஞ்சிருக்கலாமேம்மா?"

"செஞ்சிருந்தா எது எவ்வளவு கெடுத்துச்சுன்னு தெரியாது சார். தெரியலைன்னா உங்களுக்குத் தூக்கம் வராது."

என்னைச் சந்தித்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

பழைய பசையைச் சுரண்டித் துடைத்துப் புதியது வைத்தார். எவ்வளவு என்று கேட்டேன். "ஒரு அரிசி." குனிந்து பார்த்தேன், பொன்னி அரிசி அளவுதான். முப்பது ஆண்டு அலுவலகத்தில் இவ்வளவு சிக்கனமான கையைக் கண்டதில்லை.

கணினி முழுதாக ஒரு மணி நேரம் ஓடியது. பிராசஸரின் வெப்பம் 52 டிகிரியைத் தாண்டவில்லை. அன்றைய மழையைப் பதிந்தேன்: 0.0 மில்லிமீட்டர், 10,483ஆவது நாள்.

கிளம்பும்போது குதிருக்கென்று ஒரு கொத்து நொச்சி கேட்டு வாங்கிக்கொண்டார். பசை 120, பென் டிரைவ் 480, கூலி 350. மொத்தம் 950 ரூபாய்.