குறுக்க வராதீக

நாற்பது வயதுக்கு மேல் உதயகுமாருக்குப் பிடித்த பைத்தியத்தின் பெயர் டைம்லாப்ஸ். கண்டனூரில் அது என்னவென்று கேட்டவர்களுக்கெல்லாம் அலுக்காமல் விளக்குவான். கேமராவை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்தி, பத்து நொடிக்கு ஒரு படம் எடுக்க விட வேண்டும். பிறகு எல்லாவற்றையும் கோத்து ஓட்டினால் ஒரு முழுப் பகல் இரண்டு, மூன்று நிமிஷத்தில் ஓடிவிடும். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். அவன் மனைவி தீபலட்சுமி மட்டும் முகத்துக்கு நேரே கேட்டாள்.

"கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள முடிஞ்சு போற படத்துக்கு எதுக்கு இம்புட்டுப் பாடு?"

காரைக்குடியில் டிராக்டர் உதிரி பாகம் விற்கும் கடையில் அவனுக்கு வேலை. கல்யாண வீடியோ எடுக்கும் மாயக்கண்ணனிடம் பழைய கேமரா ஒன்றை வாங்கினான். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டான். வெளிச்சத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டதில் முதல் படம் பழுதான டியூப்லைட் மாதிரி மினுக்கியது. குன்றக்குடி மலைக்கு மேல் மேகம் போவதை எடுக்கப் போனபோது பாதியில் பேட்டரி செத்தது. அன்று அப்பா உடையப்பனும் கூட வந்திருந்தார். வெயில் ஏறியதும் கேமராவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார், தன் தலை காய்வதைப் பற்றிக் கவலைப்படாமல். இந்தப் பைத்தியத்தைக் கேலி செய்யாத ஒரே ஆள் அவர்தான்.

உதயகுமாருக்குத் தாங்க முடியாதது ஒன்றுதான். யாராவது குறுக்கே போனால் படத்தில் ஈ பறந்த மாதிரி ஒரு கறுப்பு மின்னி மறையும். அதோடு அந்தப் படமே பாழ் என்று நினைத்தான். அப்படித்தான் நினைத்தான், யாரிடமும் கேட்கவில்லை.

அவர்கள் குடியிருந்தது சொந்த வீட்டில் இல்லை. வெளியூரில் இருக்கும் செட்டியார் ஒருவரின் பெரிய வீட்டைப் பார்த்துக்கொண்டு அதிலேயே இருந்தார்கள். அப்பாவுக்கு வாசல் பக்கத்து அறை. அடுப்படியும் கக்கூஸும் பின்கட்டில். இரண்டுக்கும் நடுவில் வளவு: திறந்த முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம். அந்த முற்றத்தில் விழும் வெயில் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நகர்வதை எடுக்க வேண்டும் என்று உதயகுமாருக்கு ரொம்ப நாளாக ஆசை.

ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை வானம் வெளுத்தது. காலைச் சாப்பாடு ஆனதும் கேமராவை நிறுத்தினான்.

"நான் வந்து சொல்ற வரைக்கும் வளவுல யாரும் குறுக்க வராதீக," என்று வீட்டுக்கே கேட்கும்படி சொன்னான். பின்கட்டிலிருந்து தீபலட்சுமி "சரி, சரி" என்றாள். அறைக்குள் கட்டிலில் இருந்த அப்பா கையைத் தூக்கி ஆட்டினார். "நல்லா எடுப்பா."

வீட்டில் இருந்தால் தானே குறுக்கே நடந்து தொலைப்போம் என்று பைக்கை எடுத்துக்கொண்டு மாயக்கண்ணன் கடைக்குப் போய்விட்டான். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது.

வீட்டுக்கும் மதில் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. மழைக்காலத்தில் பாசி பிடித்துக் கிடக்கும், யாரும் போக மாட்டார்கள். அப்பா அங்கே வழுக்கி விழுந்து, பின்மண்டை கல்தொட்டியில் அடித்திருந்தது. தீபலட்சுமி துணி காயப்போடப் போனபோதுதான் பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

துக்கத்துக்கு வந்த அக்கா அன்னக்கிளி சந்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து தீபலட்சுமியிடம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசியதெல்லாம் மற்றவர்களிடம், தீபலட்சுமி காதில் விழும்படி.

"ஒரு பிளீச்சிங் பவுடரைப் போட்டுத் தேய்க்க முடியல. வயசான மனுசன் இருக்குற வீடு."

"மாமா அங்குட்டுப் போகவே மாட்டாகளே," என்று தீபலட்சுமி திரும்பத் திரும்பச் சொன்னாள். "அங்குட்டு எதுக்குப் போனாகன்னுதான் தெரியல." உதயகுமாரிடமும் கேட்டாள். அவன் பந்தல்காரரைப் பார்க்கணும் என்று எழுந்து போய்விட்டான். கேமராவை அன்றைக்கே பையில் போட்டு மூடியவன் திறக்கவில்லை. திறக்கப் பயமாக இருந்தது.

கருமாதிக்கு முந்தின நாள் அன்னக்கிளி கேட்டாள். "அன்னைக்கு ஏதோ படம் எடுத்தியாமே தம்பி. அப்பா முகம் அதுல இருக்கா?"

கேமராவை எடுத்துக்கொண்டு மாயக்கண்ணன் கடைக்குப் போனான். மாயக்கண்ணன் படங்களைக் கோத்துக் கொடுத்தான். அப்பா இருந்தார். பார்த்து முடித்ததும் உதயகுமார் கேட்டான்.

"குறுக்க ஆள் போயிட்டா என்ன செய்வீக?"

"என்ன செய்ய? ஆள் விழுந்த படத்தை மட்டும் தூக்கிட்டா முடிஞ்சது," என்றான் மாயக்கண்ணன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பாக்குறவுகளுக்குத் தெரியவே தெரியாது. ஏண்ணே?"

கருமாதி முடிந்து, சாப்பிட்ட இலைகளையும் எடுத்தாயிற்று. சொந்தக்காரர்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அன்னக்கிளி மறுபடியும் பாசிப் பேச்சை எடுத்தாள். தீபலட்சுமி தூணைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றாள். பேசாமல் இருந்துவிட்டால் காலம் பூராவும் இந்தப் பழியை அவள்தான் சுமப்பாள் என்பது உதயகுமாருக்குத் தெரிந்தது. எழுந்து போய் பென்டிரைவை டிவியில் செருகினான்.

முற்றத்தில் வெயில் நகர்ந்தது. மேக நிழல்கள் வந்து போயின. அப்பா அறைவாசலில் தோன்றினார். நிலையைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நடுங்குவது போலத் தெரிந்தார். ஒரு கை அடிவயிற்றில் இருந்தது. பிறகு வாசல் பக்கம் திரும்பினார். அப்புறம் வெயில் மட்டும்.

"அப்பா!" என்று அன்னக்கிளி விம்மினாள். "வந்தாக, அதுக்குள்ள போயிட்டாகளே. இன்னொரு தடவை போடு தம்பி."

"அது வேகமா ஓடுதுக்கா," என்றான் உதயகுமார். "நாலு செகண்ட் கூட இல்லாத மாதிரி தெரியுது. கால் மணி நேரம் நின்னிருக்காக."

"கால் மணி நேரமா? எதுக்கு?"

"கக்கூஸுக்குப் போக. நாந்தான் குறுக்க வரக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனேன். பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, தெருப் பக்கமா எறங்கிச் சந்து வழியா சுத்திப் போயிருக்காக. தீபா மேல ஒரு தப்பும் இல்ல."

தீபலட்சுமி தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இல்லை. அன்னக்கிளி டிவியையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபமே இல்லாத குரலில், தெரியாமல்தான் கேட்டாள்.

"குறுக்க வந்திருந்தா என்னடா தம்பி ஆயிருக்கும்?"

"ஒண்ணும் ஆயிருக்காதுக்கா," என்றான் உதயகுமார்.