அப்பாவின் கார்டை நான் முடக்கிய மாதம்

2010-ல் ஒரு ஒண்ணாம் தேதி. சிதம்பரத்திலிருந்து வந்த பஸ்ஸில் காலை ஒன்பதரை வாக்கில் மஞ்சக்குப்பத்தில் இறங்கினேன். எஞ்சினியரிங் மூன்றாம் வருஷம், ஹாஸ்டல் வாசம். மைதானத்து ஓரத்து ஏ.டி.எம். வாசலில் வயதானவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மரநிழலில் நின்றிருந்தார்கள். பென்ஷன் நாள், கூட்டம் இருக்கும்தானே என்று தாண்டிப் போயிருப்பேன். கூட்டத்தில் அப்பாவும் இருந்தார்.

அவர்களில் ஒருவர்கூட உள்ளே போகவில்லை. உள்ளே இருந்தது வேறு ஒருவன். விசிட்டிங் கார்டு வைக்கும் ஆல்பம் ஒன்றைப் புரட்டிப் புரட்டி, ஒவ்வொரு கார்டாக உருவிச் சொருகிப் பணம் எடுத்தான். ஒவ்வொரு கார்டின் பின்னாலும் ரகசிய எண் எழுதிய துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. வெளியே வந்து தன் பாகத்தைப் பையில் போட்டுக்கொண்டு மீதியை உரியவர் கையில் கொடுத்தான். அவனை எனக்குத் தெரியும். அப்பா சூப்பரின்டெண்டாக இருந்த அரசு அலுவலகத்தில் அவருக்கு டீ வாங்கி வந்த உதவியாளன். அவனும் ரிட்டயர்டு. இன்னமும் அப்பாவை 'சார்' என்றுதான் கூப்பிட்டான். கூப்பிட்ட பிறகுதான் அப்பா அவனருகில் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் குடைந்தேன். அப்பா ஓய்வு பெற்றபோது வந்த மொத்தப் பணமும், வட்டி ஜாஸ்தி தருவதாகச் சொன்ன ஒரு ஃபைனான்ஸில் போய் மூழ்கியது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு என் ஃபீஸ் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதில்லை. இவனிடமிருந்து வந்திருக்கிறது. ஈடு, அப்பாவின் ஏ.டி.எம். கார்டு.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. எவ்வளவு சுலபமான கணக்கு! கார்டு தொலைந்துவிட்டது என்று வங்கியில் எழுதிக் கொடுத்தால் பழையது செத்துப்போகும், புதியது வீட்டுக்கு வரும். இது ஏன் இந்தக் கிழவர்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை? அன்று மாலையே விண்ணப்பத்தை எழுதி, ஸ்காலர்ஷிப் படிவங்களுக்கு நடுவில் வைத்து நீட்டினேன். முப்பத்து நான்கு வருஷம் ஒவ்வொரு ஃபைலையும் மூன்று தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட மனிதர். மகள் நீட்டியதைப் படிக்காமல் போட்டார். மாதக் கடைசியில் அதை நானே வங்கியில் கொடுத்தேன்.

அடுத்த ஒண்ணாம் தேதி, வேடிக்கை பார்ப்பதற்காகவே வந்தேன். மைதானத்து ஓரம் கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஏ.டி.எம். கதவைத் திறந்துகொண்டு அவன் வந்தான். கத்தவில்லை.

"சார், உங்க கார்டு செத்துப்போச்சு போலிருக்கே."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. சத்தியமா."

"தெரியலைன்னா விடுங்க சார், எதுக்கு டென்ஷன் ஆவுறீங்க? யாருகிட்ட வந்தா என்ன, எனக்கு வரவேண்டியது வந்துடுச்சு."

அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவரிடம் திரும்பினான். அவர் அப்பாவோடு ஒரே வருஷம் வேலையில் சேர்ந்த நண்பர். எனக்கு மாமா. சிதம்பரத்தில் சொந்த வீடு. அப்பாவுக்கு அவர்தான் ஜாமீன் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. செம்மண்டலத்தில் வாடகை வீட்டில் இருக்கும் அப்பாவிடம் எழுதி வாங்கப் பத்திரம் இல்லை. அதனால் மாமாவின் வீட்டுப் பத்திரத்தையும் கார்டையும் வாங்கி வைத்திருந்தான்.

"ஐயா, சாரோட தவணைய உங்களுதுல எடுத்துட்டேன். இந்தாங்க, உங்க மீதி." மாமாவின் உள்ளங்கையில் ஏழு நூறு ரூபாய் நோட்டுகளை வைத்தான்.

"ஒரு மாசம் முழுக்க இதுல எப்படிப்பா?"

அவன் ஆல்பத்தில் அடுத்த கார்டைத் தேடினான். மரத்தடியில் இருந்த இன்னொரு பென்ஷன்காரர் சொன்னார்: "ஜாமீன்னா சும்மா கையெழுத்துன்னு நெனச்சியா மச்சான்? தாலி கட்டுன மாதிரி. இனிமே நீதான் வச்சுக் காப்பாத்தணும்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் லேசாகச் சிரித்தார். மாமா நோட்டுகளை இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார்.

"புது கார்டு வரட்டும் மச்சான், அடுத்த மாசம் சரி பண்ணிடறேன்," என்றார் அப்பா. அந்த நிமிஷம் அவர் உண்மையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

வீட்டில் நான் செய்ததைச் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அம்மா முந்திக்கொண்டாள்: "ஏன், நல்லதுதான பண்ணியிருக்கா? ரெண்டு வருஷமா டீ வாங்கியாந்தவன் முன்னால கையேந்தி நின்னீங்களே, அப்ப எங்க போச்சு ரோஷம்?"

"ஜாமீன் போட்டவன் கதி?"

"அவுங்களுக்குச் சொந்த வீடு இருக்கு. நமக்கு என்ன இருக்கு?"

பத்து நாளில் புது கார்டு தபாலில் வந்தது. அடுத்த மாதப் பென்ஷன் விழுந்ததும், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு செம்மண்டலத்திலேயே ஒரு ஏ.டி.எம்.முக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஏ.சி. அறைக்குள் நின்று பணத்தை எடுத்தார், பிறகு கணக்குச் சீட்டை எடுத்தார், பிறகு சும்மா இன்னொரு சீட்டையும் எடுத்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை இரண்டு வருஷமாக நான் பார்த்திருக்கவில்லை.

"இந்த ஒரு மாசம் மச்சானே கட்டட்டும். உன் செமஸ்டர் ஃபீஸ் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்," என்றார்.

எனக்கும் அது சரியாகவே பட்டது. ஹாஸ்டலில் எனக்கு உள்ளூர்க் கார்டியனாகக் கையெழுத்துப் போட்டிருந்தவர் அந்த மாமாதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில்தான் மீன் குழம்புச் சோறு. நான் போவதை நிறுத்தினேன். கார்டியன் வெளியூருக்குக் குடிபோய்விட்டார் என்று வார்டனிடம் எழுதிக் கொடுத்து, தோழியின் சித்தப்பாவை அந்த இடத்தில் போட்டேன். வேலையைச் சுத்தமாகச் செய்கிறவள் நான்.

மூன்றாவது மாதம் பென்ஷன் விழுந்த மறுநாள் மாமா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் ஊரில் இருந்தேன். கேட் சத்தம் கேட்டதுமே அப்பா சமையலறையை ஒட்டிய சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "இல்லைன்னு சொல்லு."

"அப்பா இல்ல மாமா. பண்ருட்டி போயிருக்காரு. வர சாயந்திரம் ஆவும்."

"அதனால என்னம்மா, உக்காந்திருக்கேன்."

நாற்காலியில் அப்பாவின் மூக்குக் கண்ணாடி கிடந்தது. கண்ணாடி இல்லாமல் அப்பா தெருமுனைக்குக்கூடப் போனதில்லை. மாமா அதை எடுத்து மடக்கி ஜன்னலில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அம்மா டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினாள்.

பதினொரு மணிக்கு வந்தவர். பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. மாமா எதையும் கேட்கவில்லை. தண்ணீர் கேட்டார், குடித்தார். கழிவறை எங்கள் வீட்டில் கொல்லைப்பக்கம், கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். மாமா இரண்டு தடவை போய் வந்தார். அவருக்குச் சர்க்கரை. அப்பாவுக்கும்தான். ஆபீஸ் நாட்களில் ஒரே டாக்டரிடம் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே மாத்திரை வாங்கியவர்கள்.

சாமான் அறைக்குள் ஏதோ டப்பா உருண்டது.

"எலி," என்றாள் அம்மா.

"இருக்கும், இருக்கும்," என்றார் மாமா. டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது முறை சத்தம் வந்தபோது, யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவருக்கும் கேட்டது.

எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். "பாப்பா, அவன வெளிய வரச் சொல்லும்மா. எவ்ளோ நேரம்தான் அடக்குவான்? நான் கௌம்பறேன்."

கேட்டைச் சாத்திவிட்டுப் போனார். கொண்டி விழும் சத்தத்துக்காகவே காத்திருந்ததுபோல் அப்பா பாய்ந்து வந்தார். கொல்லைக்குப் போய்ச் சேரவில்லை. கூடத்தின் நடுவிலேயே நின்றுவிட்டார். வேட்டியிலிருந்து தரையில் சொட்டியது.

"போயிட்டானா?" என்றார்.

அம்மா வாளியும் துணியும் எடுத்து வந்து, குனிந்து துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "நாளைக்கே போயி ஃபீஸக் கட்டிடு. இவருக்கு மனசு கினசு மாறிடப் போவுது."

மறுநாள் முதல் பஸ்ஸில் சிதம்பரம் போய்க் கட்டினேன். அவ்வளவு அவசரப்பட்டிருக்க வேண்டியதில்லை. அப்பாவின் மனசு மாறவே இல்லை. பாக்கியிருந்த பதினோரு மாதத்தையும் மாமாவே கட்டி முடித்தார்.